ஊரில் எம்.டி.பி. சைக்கிளுக்கு ஹைட்ராலிக் பிரேக்: கடைகளில் கிடைப்பதும் கேட்டு வாங்க வேண்டியதும்

விடுமுறைக்கு ஊர் வந்து, வீட்டில் நிற்கும் எம்.டி.பி. (மவுண்டன் பைக்) சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏற்காடோ கொல்லிமலையோ போய்வர நினைக்கும் வெளிநாட்டுத் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னை, சேலம், கோவை சைக்கிள் கடைகளில் இந்த முறை பார்த்ததையும் கேட்டதையும் வைத்து எழுதியது. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. ஏறும்போது சைக்கிளில் என்ன குறை இருந்தாலும் நின்று இளைப்பாறிக்கொள்ளலாம். இறங்கும்போது அந்த வசதி கிடையாது.

80 கிலோ ஆள், 15 கிலோ சைக்கிள், 1,000 மீட்டர் இறக்கம் என்று கணக்குப் போட்டால் ஏறக்குறைய 930 கிலோஜூல் ஆற்றல் கரைய வேண்டும். மூன்று லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. நேர்ச்சாலையில் காற்று அதில் நல்ல பங்கை எடுத்துக்கொள்ளும். வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டிய மலைப்பாதையில் பெரும்பங்கு சக்கரத்தோடு சுற்றும் இரண்டு டிஸ்க்குகளுக்கும் அவற்றைக் கவ்வும் நான்கு பேடுகளுக்கும்தான் போகிறது. பட்ஜெட் சைக்கிள்களில் வரும் கேபிள் டிஸ்க் பிரேக்கில் பெரும்பாலும் ஒரு பக்கப் பேடுதான் நகரும். பேடு தேயத் தேய கையால் திருகி முடுக்க வேண்டும். மழையும் மண்ணும் ஏறிய கேபிள் உறைக்குள் விரலின் பலம் பாதி வழியிலேயே வீணாகும். கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக்கில் இரண்டு பிஸ்டன்களும் சேர்ந்து அழுத்தும், தேய்மானத்தையும் தானே சரிசெய்துகொள்ளும். அரை மணி நேரம் தொடர்ந்து இறங்கினாலும் விரல் மரத்துப்போகாது.

எதை வாங்குவது என்பதில் என் முடிவு தெளிவானது. பலத்தையும் விலையையும் மட்டும் பார்த்து வாங்காதீர்கள். இந்த ஊரில் எதற்கு ஆயில், பேடு, ஆயிலுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றி ஏர் எடுக்கத் தெரிந்த கை மூன்றும் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். அப்படிப் பார்த்தால் மலிவு விலையில் முதலில் நிற்பது ஷிமானோ எம்.டி.200. இரண்டு பிஸ்டன் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வும் பகுதி), மினரல் ஆயில், நீளமான லீவர். பார்க்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது. இதற்கான பி05எஸ் பேடு, இதன் முன்னோடிகளான பி01எஸ், பி03எஸ் ஆகியவற்றோடு ஒரே வடிவம். அதனால் பழைய இருப்பு வைத்திருக்கும் கடையிலும் ஏதாவது ஒன்று அகப்படும். அடுத்தது டெக்ட்ரோவின் தொடக்க நிலை மாடல்கள். அவையும் மினரல் ஆயில்தான், பிடியும் நன்றாக இருக்கிறது. ஆனால் பேடு வாங்கப் போகும்போது பழைய பேடைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள். 90 கிலோவுக்கு மேல் உள்ளவர்களும், முதுகில் பை சுமந்து இறங்குபவர்களும் முன்சக்கரத்துக்கு மட்டும் நான்கு பிஸ்டன் காலிப்பர் பார்க்கலாம். ஷிமானோவில் எம்.டி.420 அந்த வகை. பின்சக்கரத்துக்கு அது தேவையில்லை, பின்னால் எப்படியும் டயர் முதலில் வழுக்கிவிடும்.

சில கடைகளில் கேபிள் இழுக்கும் ஹைட்ராலிக் காலிப்பரை எடுத்துக் காட்டுவார்கள். பழைய லீவரையே வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் கவர்ச்சி. கேபிள் உராய்வு அப்படியே இருக்கும் என்பதால், அதே காசுக்கு முழு ஹைட்ராலிக் செட் கிடைக்கும்போது அதை நான் எடுக்க மாட்டேன். அதற்கு நியாயம் உள்ள இடம் ஒன்று உண்டு. ஊரில் விற்கும் 7, 8 கியர் எம்.டி.பி.க்கள் பலவற்றில் பிரேக் லீவரும் கியர் ஷிஃப்டரும் ஒரே உடம்பாக வருகின்றன. ஷிமானோவின் இ.எஃப்.41, இ.எஃப்.51 அந்த வகை. ஹைட்ராலிக் லீவர் போட வேண்டுமானால் அந்தப் பிரேக் லீவரோடு ஷிஃப்டரும் கழன்று போகும். புதிதாகத் தனி ஷிஃப்டர் ஜோடி வாங்க வேண்டும், கியர் கேபிளும் புதிதாகப் போட வேண்டும். பிரேக் விலையை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு பில் பெரிதாவது இங்கேதான். ஹேண்டில்பாரை ஒரு போட்டோ எடுத்துக் கடைக்காரரிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

இன்னும் இரண்டு விஷயங்களைக் கடைக்குப் போகுமுன் பார்க்க வேண்டும். ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் காலிப்பர் உட்காரும் இடம் போஸ்ட் மவுண்டா, ஐ.எஸ். மவுண்டா? போல்ட் சைக்கிளின் நீளவாக்கில் இறங்கினால் போஸ்ட் மவுண்ட். பக்கவாட்டில், ஆக்சிலுக்கு இணையாக நுழைந்தால் ஐ.எஸ். விற்பனைக்கு வரும் மலிவு விலை எம்.டி.பி. காலிப்பர்கள் போஸ்ட் மவுண்ட்தான். ஐ.எஸ். ஃபிரேமுக்கு இடையில் அடாப்டர் வேண்டும். அந்த அடாப்டர் முன்பக்கமா பின்பக்கமா, டிஸ்க் 160ஆ 180ஆ என்பதைப் பொறுத்து மாறும். 160 மி.மீ. டிஸ்க்குக்கான அடாப்டரில் 180 டிஸ்க் நிற்காது. அடுத்தது ஹப். டிஸ்க் அதில் ஆறு போல்ட்டில் நிற்கிறதா, நடுவில் ஒரே வளையத்தால் பூட்டும் சென்டர்லாக்கா என்று பார்த்தாலே தெரியும். ஊரில் பெரும்பாலும் ஆறு போல்ட்தான். சென்னை ரத்தன் பஜார் போன்ற பழைய சைக்கிள் சந்தைகளில் டயர், செயின், ஃப்ரீவீல் எல்லாம் குவிந்து கிடக்கும். ஆனால் இந்த அடாப்டரும், ஆயில் போகும் ஹோஸின் முனையில் போடும் பித்தளை ஆலிவும் இன்சர்ட்டும் போன்ற சின்னச் சின்னச் சாமான்கள்தான் அகப்படாது. பெரிய பிராண்ட் ஷோரூம்களில் பிரேக் செட் இருக்கும், ஆனால் இவற்றை ஆர்டர் போட்டுத்தான் வரவழைப்பார்கள். மூன்று வார விடுமுறையில் ஒரு வாரம் அதற்கே போய்விடும். இரண்டு அடாப்டர், நான்கு ஜோடி ஆலிவ்-இன்சர்ட், இரண்டு ஜோடி பேடு: ஒரு கைப்பிடி அளவுதான். வரும் ஊரிலிருந்தே பெட்டியில் போட்டுக்கொண்டு வாருங்கள். இன்சர்ட் வாங்கும்போது ஹோஸின் மேல் அச்சடித்த பெயரைப் பாருங்கள். எம்.டி.200இல் வருவது பி.எச்.59 ஹோஸ். விலை கூடிய மாடல்களுக்கான பி.எச்.90 இன்சர்ட் அதில் பொருந்தாது.

செட்டையே வெளிநாட்டில் வாங்கிக்கொண்டு வரலாமா? விலை வித்தியாசம் இருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. ஜெர்மனி, பிரான்ஸ், கனடா கடைகளில் இடது லீவரில் முன்பிரேக்கும் வலது லீவரில் பின்பிரேக்கும் மாட்டி, ஆயில் நிரப்பி, சீல் செய்து விற்கிறார்கள். ஊரில் பைக்கைப் போலவே வலதுதான் முன்பிரேக். பிரிட்டனிலிருந்து வருபவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. ஷிமானோ லீவரைக் கவிழ்த்துப் போட்டு இடம் மாற்ற முடியாது, ஹோஸைக் கழற்றித்தான் மாற்ற வேண்டும். கழற்றினால் புது ஆலிவ், புது இன்சர்ட், பிறகு ஏர் எடுப்பது என்று வேலை வரிசையாக வரும். எந்தப் பக்கம் உங்களுக்குப் பழக்கம் என்பதை ஃபிட்டிங் தொடங்கும் முன்பே மெக்கானிக்கிடம் சொல்லிவிட வேண்டும். வீட்டில் தங்கச்சி மகனோ அண்ணன் மகளோ அந்தச் சைக்கிளை ஓட்டுவார்கள் என்றால், ஊர் வழக்கப்படி வலதில் முன்பிரேக்கை விட்டுவிட்டு நீங்கள்தான் பழகிக்கொள்ள வேண்டும். பழகும்வரை மலைப்பக்கம் போகாதீர்கள். அவசரத்தில் கை பழைய வழக்கத்துக்கே போகும்.

டிஸ்க்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குறைந்த காசில் அதிகப் பலன் கிடைப்பது அங்கேதான். 160இலிருந்து 180 மி.மீ.க்குப் போனால் அதே விரல் அழுத்தத்துக்கு எட்டில் ஒரு பங்கு பிடி கூடும். வெப்பம் பரவ உலோகமும் கூடும். முன்னால் 180, பின்னால் 160 என்பது மலைச்சாலைக்கு நல்ல சேர்க்கை. ஃபோர்க் எவ்வளவு பெரிய டிஸ்க்கைத் தாங்கும் என்பதற்கு அதன் தயாரிப்பாளர் சொல்லும் வரம்பைத் தாண்டக் கூடாது. வாங்கும் டிஸ்க்கின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். ஷிமானோவின் மலிவு ரகங்களான ஆர்.டி.26, ஆர்.டி.56 இரண்டிலும் ரெசின் பேடு மட்டும் என்று பொறித்திருக்கும். மழைக்காலத்தில் ரெசின் பேடு சேற்று மணலில் வேகமாகக் கரையும், அப்போது மெட்டல் பேடு போட ஆசை வரும். இந்த டிஸ்க்குகளில் மெட்டல் பேடு போட்டால் அதன் மென்மையான எஃகைத் தின்றுவிடும். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து ஆர்.டி.66 வாங்கினால் இரண்டு பேடுக்கும் பொருந்தும். புது டிஸ்க் 1.8 மி.மீ. தடிமன். 1.5க்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும். பேடில் உராயும் பகுதி 0.5 மி.மீ.தான் மிச்சம் என்றால் அதுவும் போக வேண்டியதுதான்.

இனி சர்வீஸ். கியர் டியூனிங், வீல் கோட்டம் எடுப்பது இரண்டிலும் ஊர் மெக்கானிக்குகளின் கைத்திறன் அபாரம். ஐரோப்பாவில் புது வீல் வாங்கச் சொல்லும் இடத்தில் இங்கே ஸ்போக் கீயை வைத்து உட்கார்ந்து நேராக்கிக் கொடுத்துவிடுகிறார்கள், கூலியும் மிகக் குறைவு. ஹைட்ராலிக் மட்டும் இன்னும் எல்லாக் கைக்கும் பழகவில்லை. ஏர் எடுக்க வேண்டுமென்றால் சிலர் பக்கத்து டூவீலர் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புவார்கள். "எல்லாம் ஒரே பிரேக் ஆயில்தான் சார்" என்று சொன்னால் உடனே சைக்கிளைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பைக்கில் ஊற்றுவது டாட்-3 அல்லது டாட்-4 என்ற வேறு வகை ஆயில். ஷிமானோ, டெக்ட்ரோ சீல்களில் அது பட்டால் ரப்பர் உப்பிவிடும், பிஸ்டன் திரும்ப உள்ளே போகாது, லீவரும் காலிப்பரும் சேர்ந்து வீண். மினரல் ஆயிலை டாட் பிரேக்கில் ஊற்றினாலும் இதே கதைதான். ஷிமானோ ஆயில் இளஞ்சிவப்பாக இருக்கும். பாட்டிலைக் காட்டச் சொல்லிப் பார்ப்பதில் தவறில்லை, நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார். டாட் ஆயில் ஈரத்தை இழுக்கும் சுபாவம் உள்ளது, சென்னைப் புழுக்கத்தில் திறந்து வைத்த பாட்டில் சீக்கிரம் கெடும். டாட்-4 புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், நீர் கலந்தபின் அதன் அளவுகோல் 155தான். மினரல் ஆயில் பிரேக்கை நான் சிபாரிசு செய்ய இதுவும் ஒரு காரணம். வருடத்தில் பதினோரு மாதம் மாடிப்படிக்கு அடியில் நிற்கப்போகும் சைக்கிள் அது.

ஏர் எடுக்கும் வேலை சரியாக நடக்கிறதா என்று அருகில் நின்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டியது இது. முதலில் சக்கரத்தையும் பேடையும் கழற்றி வெளியே வைத்துவிட்டு, காலிப்பருக்குள் மஞ்சள் பிளாஸ்டிக் கட்டையைச் செருக வேண்டும். பேடை உள்ளே வைத்துக்கொண்டே செய்தால் ஒரு சொட்டு ஆயில் போதும், அந்தப் பேடு முடிந்தது. லீவரைத் தரைக்கு இணையாகத் திருப்பி, 2.5 மி.மீ. எல்-கீயால் மேல் திருகை எடுத்து அங்கே புனல் மாட்டுவார்கள். காலிப்பர் நிப்பிளில் சிரிஞ்சு மாட்டி, 7 மி.மீ. ஸ்பேனரால் திறந்து, ஆயிலைக் கீழிருந்து மேலே தள்ள வேண்டும், ஏனென்றால் காற்று மேலேதான் ஏறும். குமிழி நின்றதும் நிப்பிளை மூடி, ஹோஸை விரலால் தட்டிக்கொண்டே லீவரை மெதுவாக அமுக்கி விட வேண்டும். லீவரை முன்னும் பின்னும் 30 டிகிரி சாய்த்து மறுபடி அமுக்கினால் ஒளிந்திருக்கும் கடைசிக் குமிழியும் வரும். புனலைத் தக்கையைச் செருகி மூடிய பிறகே எடுக்க வேண்டும். இத்தனையும் செய்தபின் லீவர் ஒரு குறிப்பிட்ட இடத்தில் கெட்டியாக நிற்க வேண்டும். பஞ்சு போல அமுங்கி, இரண்டு மூன்று முறை பம்ப் செய்தால்தான் இறுகுகிறது என்றால் காற்று இன்னும் உள்ளே இருக்கிறது. பணம் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள்.

பஞ்சர் கடையில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்ப்பது ஊர் வழக்கம். ஹைட்ராலிக்கில் அப்படிச் செய்தால் லீவர் தொட்டியின் மேல் தங்கிய கொஞ்சக் காற்று ஹோஸுக்குள் இறங்கிவிடக்கூடும். கவிழ்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். சொல்வதற்குள் கவிழ்த்துவிட்டால், நிமிர்த்திச் சிறிது நேரம் விட்டு லீவரை மெதுவாக அமுக்கிப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக்கைப் பிடிக்கவே கூடாது. பிஸ்டன் வெளியே வந்து பேடுகள் ஒட்டிக்கொள்ளும், பிறகு டிஸ்க் உள்ளே நுழையாது. தட்டையான பிளாஸ்டிக் டயர் லீவரால் நடுவில் வைத்து மெல்ல அகற்றினால் திரும்பிப் போகும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பிஸ்டன் உடையும்.

நான் மிகவும் வருந்திய விஷயம் ஒன்று. வாட்டர் சர்வீஸ் முடித்து, சைக்கிள் பளபளக்க வேண்டும் என்று முழுக்க சிலிக்கான் பாலிஷ் அடித்துக் கொடுக்கிறார்கள். நல்லெண்ணத்தில்தான். அந்த ஸ்ப்ரே டிஸ்க்கில் பட்டால் பிடி போய்விடும், பிடிக்கும்போதெல்லாம் கிறீச்சென்று அலறும். டிஸ்க்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காப்பாற்றலாம். அது எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடைகளில் கிடைக்கும், சென்னையில் என்றால் ரிச்சி தெரு. எண்ணெய் குடித்த பேடை உப்புத்தாளில் தேய்த்துப் பார்க்கலாம், ஆனால் மலை இறங்க அதை நம்பக் கூடாது. புதிது போடுங்கள். பாலிஷ் வேண்டாம், செயின் ஆயில் துணியில் தொட்டுப் போடுங்கள் என்று வண்டி விடும்போதே சொல்லிவிடுவது மேல்.

மாட்டி முடித்தபின் டிஸ்க் உரசும் சத்தம் கேட்டால், காலிப்பரின் இரண்டு 5 மி.மீ. எல்-கீ போல்ட்டையும் தளர்த்தி, லீவரை இறுகப் பிடித்தபடியே மாற்றி மாற்றி முடுக்கினால் நடுவில் வந்து உட்காரும். முறுக்கு 6 முதல் 8 நியூட்டன் மீட்டர். டிஸ்க்கின் ஆறு ஸ்டார் போல்ட்டுக்கு 2 முதல் 4தான். இங்கே பலம் காட்டினால் ஹப்பின் அலுமினிய மரை பிடுங்கிக்கொண்டு வரும். இவ்வளவு செய்தும் ஒரு பக்கம் உரசினால், மவுண்டின் முகத்தில் பெயிண்ட் திரண்டிருக்கிறதா என்று பாருங்கள். பட்ஜெட் ஃபிரேம்களில் இது அடிக்கடி வரும். புதுப் பேடு முதல் நாளே பிடிக்காது. சமதளத்தில் 20, 25 கி.மீ. வேகத்துக்கு மிதித்து, நடை வேகத்துக்குச் சீராகக் குறைத்து, முழுக்க நிறுத்தாமல் மறுபடி மிதியுங்கள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் இருபது முப்பது தடவை இப்படிச் செய்தபின்தான் பிடி முழுமையாக வரும். மலையில் விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரெசின் பேடு கண்ணாடி போல வழுவழுப்பாகி பிடி தளரும். வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து, வளைவில் விட்டு, இடையில் டிஸ்க் ஆற நேரம் கொடுங்கள். நின்ற உடனே டிஸ்க்கைத் தொடாதீர்கள், தோல் உரிந்துவிடும்.

வெளிநாடு திரும்பும் முன் காலிப்பர் நடுவில் பிளாஸ்டிக் ஸ்பேசரோ மடித்த அட்டையோ செருகிவையுங்கள். சைக்கிளை நிற்கும் நிலையிலேயே விடுங்கள், தொங்கவிட வேண்டாம். கரப்பானுக்கு மருந்து அடிக்க வருபவர் டிஸ்க் பக்கம் அடிக்காதபடி இரண்டு சக்கரத்தையும் பழைய வேட்டியால் சுற்றி வையுங்கள். மிச்ச ஆயில் பாட்டிலில் பிரேக் பெயரை எழுதி, சைக்கிளிலேயே ஒரு பையில் கட்டிவிடுங்கள்.