டெயில் லைட் வழியாக ஒழுகும் டிக்கிக்குப் பியூட்டில் டேப்: வாங்கலாமா?

கொழும்புப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கறுப்புச் சுருளாகக் கிடைக்கும், பிசின்போல ஒட்டும் ரப்பரான பியூட்டில் டேப்பைத் தாராளமாக வாங்கலாம். ஆனால் அது அடைக்கிற ஓட்டை ஒரே வகைதான்: டெயில் லைட், பின் கமரா, அன்டெனா அடி போல, நட் போட்டு இறுக்கிய பாகத்துக்கும் தகட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி. டிக்கியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் தட்டையாகிப் போயிருந்தாலோ, தகட்டு மூட்டை அடைத்திருக்கும் பசையான சீலர் வெடித்திருந்தாலோ இதனால் பிரயோசனம் இல்லை. ஆகவே கடைக்குப் போகுமுன் தண்ணீர் எந்த வழியால் வருகிறது என்று பார்த்துவிடுங்கள்.

கார்பெட்டையும் அடிப் பலகையையும் தூக்கி, ஸ்பெயர் வீலை வெளியே எடுத்து, குழியை நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். மேலே கார்பெட் காய்ந்திருக்கும், கீழே குழியில் தண்ணீர் நிற்கும். பலர் ஏமாறுவது இங்கேதான். பக்க லைனிங்கின் கிளிப்புகளைக் கழற்றினால் டெயில் லைட்டின் பின்புறம் தெரியும். தகட்டில் மெல்லிய மண்நிறக் கோடு இறங்கியிருந்தால் அதன் மேல்முனையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தண்ணீர் இறங்கும் தடம் தெரிய அந்த இடத்தில் பேபி பவுடர் தூவுங்கள். ஒருவர் பின் சீட்டை மடித்து டோர்ச்சோடு உள்ளே பார்க்க, மற்றவர் ஹோஸ் பைப்பில் தண்ணீரை மெதுவாக விட வேண்டும். பம்பரில் தொடங்கி, ஒவ்வோர் இடத்திலும் 2, 3 நிமிடம் நிறுத்தி மேலே போங்கள். மேலிருந்து தொடங்கினால் எல்லாம் ஒன்றாக நனைந்து, ஒழுகும் இடத்தைப் பிரித்தறிய முடியாமல் போகும். சேர்விஸ் ஸ்டேஷன் பிரஷர் கன் வேண்டவே வேண்டாம். அது நல்ல ரப்பரையும் தாண்டித் தண்ணீரை உள்ளே தள்ளிவிடும்.

பீடிங்கைச் சோதிக்க ஒரு கடதாசித் துண்டு போதும். டிக்கி மூடியில் சிக்கவைத்து இழுங்கள். இறுக்கமாக வந்தால் சரி. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்தப் பக்கம் பீடிங் மாற்ற வேண்டும்.

டெயில் லைட்தான் காரணம் என்று தெரிந்த பிறகு டேப்பை வாங்குங்கள். 6 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருண்டை வடிவம் பெரும்பாலான கார்களுக்குப் பொருந்தும். ஒரு சிட்டிகை கிள்ளி இழுத்துப் பாருங்கள்: நல்லது நூலாக நீளும், பழையது பொடிந்து அறும். ஹார்ட்வெயார் கடைகளில் கூரை ஒழுக்குக்கு விற்கும் அலுமினியத் தாள் ஒட்டிய டேப்பும் பியூட்டில்தான். ஆனால் தாள் உள்ள பக்கம் ஒட்டாது, லைட்டுக்கோ இரண்டு பக்கமும் ஒட்ட வேண்டும். இரட்டைப் பக்க ஸ்பொன்ஜ் டேப்பையும் தரப் பார்ப்பார்கள், வாங்காதீர்கள்.

பூட்டும் வேலை கடினமில்லை. அநேகமான ஜப்பான் கார்களில் 10 மில்லிமீற்றர் சொக்கெட்டால் நட்டுகளைக் கழற்றலாம். வெயிலில் நைந்த பழைய ஸ்பொன்ஜ் கேஸ்கெட்டைப் பிளாஸ்டிக் துண்டால் சுரண்டி, ஐசோப்ரோப்பைல் அல்ககோலால் துடையுங்கள். தின்னரோ பெற்றோலோ பட்டால் லென்ஸ் வெடிக்கும். கொழும்புச் சூட்டில் டேப் இளகி, ஒட்டுக் கடதாசியோடே இழுபட்டு வரும். 10 நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் சுத்தமாக உரியும். லைட்டின் விளிம்பைச் சுற்றி ஒரே வளையமாக ஒட்டி, இரு முனைகளையும் மேற்பக்கத்தில் சந்திக்கவிடாமல் கீழே கொண்டுவந்து பிசைந்து இணையுங்கள். ஒவ்வொரு போல்ட்டின் அடியிலும் சிறு வளையம் தேவை. நட்டுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒன்றை மட்டும் முழுதாக முறுக்கினால் லைட்டின் பிளாஸ்டிக் உடையும். டேப் வெயிலில் அமுங்கும் என்பதால் மறுநாள் ஒருமுறை மெல்ல இறுக்கிப் பார்க்க வேண்டும்.

கராஜுகளில் வழக்கமாகப் பூசும் சிலிக்கோனைவிட இது மேல் என்பதற்குக் காரணம், பியூட்டில் இறுகிப்போவதில்லை. லைட்டைத் திரும்பக் கழற்றலாம். விநாகிரி மணம் வரும் சிலிக்கோன் அசற்றிக் அமிலத்தை வெளிவிடும். கீறல் விழுந்த தகட்டில் அது துருவைத் தொடக்கிவைக்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை, போதாததற்குக் கடற்காற்று என்று இருக்கும் ஊரில் அந்தத் துரு வேகமாகப் பரவும்.

கூரை மூட்டு வெடித்த கார்களுக்கு, குறிப்பாகப் பழைய பிரியஸ்களுக்கு, இந்த டேப்பை மேலே ஒட்டிச் சமாளிக்காதீர்கள். வெயிலில் அழுக்குப் பிடிக்கும், பெயின்ற் ஏறாது. அங்கே பழைய சீலரைச் சுரண்டிப் பொலியூரித்தேன் சீலர் போட வேண்டும். அந்தப் பழைய பிரியஸ்களில் 12 வோல்ட் பற்றரி டிக்கியின் வலது மூலையில் இருப்பதால், அந்தக் குழியில் தண்ணீர் கண்டால் தள்ளிப்போடவே கூடாது.

பம்பருக்குப் பின்னாலுள்ள காற்றுத் துவாரங்களையும் சிலர் இதே டேப்பால் முழுதாக மூடிவிடுகிறார்கள். அது பிழை. கதவை அடிக்கும்போது உள்காற்று வெளியேற அவை திறக்க வேண்டும். ஓரத்தின் ரப்பர் சரியில்லையென்றால் துவாரத்தைக் கழற்றி, சட்டத்தைச் சுற்றி மட்டும் டேப் வைத்துத் திரும்பப் பூட்டுங்கள்.