பலகையில் தாத்தா பெயர், பத்திரத்தில் வேறு பெயர்

தாம்பரம், சேலையூர் பக்கம் ஃப்ளாட் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கம்பெனி பெயரைப் போடவில்லை. வழக்கு நடக்கிறது, வக்கீல் கூடவே கூடாது என்று சொல்லிவிட்டார்.

மூன்று தலைமுறையாகக் கட்டடத் தொழிலில் இருக்கும் குடும்பம். தாத்தா மேஸ்திரியாக இருந்து மேலே வந்தவர். மாம்பலத்தில் அவர் கட்டிய அடுக்ககங்கள் இன்றைக்கும் கல்லு மாதிரி நிற்கின்றன. அது பொய்யில்லை, வம்பே அங்கேதான் தொடங்குகிறது. பேரன் நம்மை முதலில் சைட்டுக்குக் கூட்டிப்போக மாட்டார். தாத்தா 1980களில் கட்டிய வீட்டுக்குக் கூட்டிப்போய், "குடியிருக்கிறவங்களையே கேளுங்க சார்" என்பார். அவர்களும் மனதாரப் புகழ்வார்கள். திரும்பி ஆபீசுக்கு வந்தால் வேட்டி சட்டையில் அந்தத் தாத்தாவே, பெரியவர், உட்கார்ந்திருப்பார். "பசங்க என் பேரைக் கெடுக்க மாட்டாங்க தம்பி" என்று காபி வரவழைப்பார்.

2019இல் புக் செய்தோம். ரசீதின் தலைப்பில் தாத்தா பெயரில் உள்ள பழைய நிறுவனம். கீழே ரப்பர் ஸ்டாம்பில் வேறொரு பெயர், கடைசியில் எல்.எல்.பி. (LLP, பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு நிறுவனம்). இது என்ன என்று கேட்டதற்கு, "ஜிஎஸ்டிக்காக சார், எல்லாம் ஒரே குடும்பம்தான்" என்றார் கேஷியர். ஒப்பந்தத்திலும் அந்த எல்.எல்.பி.தான். பிறகு கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் தேடினால், அது முந்தைய வருடம்தான் பிறந்திருக்கிறது. பங்குதாரர்கள் பேரனும் அவருடைய மச்சானும். தாத்தா இல்லை, அப்பா இல்லை, மாம்பலத்துச் சொத்து எதுவும் அதில் இல்லை. மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, எல்.எல்.பி.யில் பங்குதாரரின் பொறுப்பு அவர் போட்ட முதலோடு முடிந்துவிடும்.

இன்னொன்று. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் முன்பே 20 சதவீதம் வாங்கிக்கொண்டார்கள், "இந்த ரேட் இந்த மாசத்துக்கு மட்டும்தான்" என்று. 2016ஆம் ஆண்டு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப்படி பதிவான ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது.

மூன்றாவது தளம் போட்டார்கள். அப்புறம் வேலை நின்றது. கொரோனா என்றார்கள், சரி, ஊரே அடைந்து கிடந்த நேரம். ஆனால் ஊர் திறந்த பிறகும் சைட் திறக்கவில்லை. விசாரித்தால் பேரனின் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பாகப்பிரிவினைச் சண்டை. நிலம் பெரியப்பா பெயரில் இருக்கிறது. பேரனைக் கேட்டால், "பெரியப்பாதான் முட்டுக்கட்டை போடறார், அவர்கிட்ட பேசுங்க." பெரியப்பாவைக் கேட்டால், "நான் நிலம் கொடுத்தவன், கட்டறது அவங்க." கடைசியில் பெரியவரிடமே போனோம். காபி வந்தது. "அது பசங்க கம்பெனி தம்பி, எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல" என்றார். ஒரு பக்கம் வீட்டு வாடகை, இன்னொரு பக்கம் பேங்குக்கு வட்டி.

ஒருவழியாகப் பெயின்ட் அடித்து, "சாவி வாங்கிக்கோங்க, கிரகப்பிரவேசம் வெச்சுக்கோங்க" என்றார்கள். போய்ப் பார்த்தால் லிஃப்ட் வரவேண்டிய குழியில் முழங்கால் அளவு தண்ணீர், மேலே ஒரு பிளைவுட் பலகை. பாத்ரூம் சுவரில் டைல்ஸைத் தட்டினால் பாதி இடத்தில் உள்ளே கலவையே இல்லை என்று சத்தத்திலேயே தெரிகிறது. கட்டடம் விதிப்படி முடிந்தது என்று சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) கொடுக்கும் நிறைவுச் சான்று இல்லை. அது இல்லாததால் நிரந்தர மின் இணைப்பும் இல்லை; கட்டுமான வேலைக்கு வாங்கிய தற்காலிக இணைப்பிலேயே மொத்தக் கட்டடமும் ஓடுகிறது, அந்த ரேட்டில். சான்றைக் காட்டினால்தான் சாவி என்று நாங்கள் சில குடும்பங்கள் வாங்க மறுத்துவிட்டோம். வாங்கியவர்கள் இப்போது தண்ணி லாரிக்கும் கரண்டுக்கும் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ரெரா ஆணையத்தில் புகார் போட்டபோது பெரியப்பாவையும் சேர்த்தோம். கட்டுகிறவர் ஒருவர், விற்கிறவர் வேறொருவர் என்றால் இருவருமே புரமோட்டர்கள், சேர்ந்தே பொறுப்பு என்கிறது சட்டம். நிலத்தில் எங்கள் பங்கான பிரிபடாத பாகத்தை எங்களுக்கு விற்றது அவர்தானே? நோட்டீஸ் போன பிறகுதான் அண்ணனும் தம்பியும் ஒரே வக்கீலிடம் போனார்கள். தாமதமானால் விலகிக்கொண்டு வட்டியோடு பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வீடு வேண்டும் என்றால் தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கேட்கலாம். நாங்கள் பணத்தைத்தான் கேட்டிருக்கிறோம். உத்தரவு வந்தாலும் அந்த எல்.எல்.பி.யிடமிருந்து வசூலாகுமா என்பது வேறு கதை.

இதே குடும்பம் இப்போது கூடுவாஞ்சேரியில் புது பிராஜெக்ட் அறிவித்திருக்கிறது. ஹோர்டிங்கில் பெரியவரின் படம் பளிச்சென்று இருக்கிறது, எல்.எல்.பி. பெயர் மறுபடியும் வேறு. அங்கே பணம் கட்டப் போகிறவர்கள் ரெரா தளத்தில் புரமோட்டர் பெயரைப் பாருங்கள். வில்லங்கச் சான்றை 30 வருடத்துக்கு எடுத்து, நிலம் யார் பெயரில் இருக்கிறது, அண்ணன் தம்பி எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள். அவர்கள் கைகாட்டும் வக்கீலிடம் வேண்டாம். அவர் பேரனோடு படித்தவர்.