மூன்று வருஷம், ஐந்து வகை கட்டிங்: டாப்ஸ்பினுக்காக நான் போட்டுப் பார்த்த ஸ்ட்ரிங்குகள்

எங்கள் டென்னிஸ் கோர்ட்டில் கட்டிங் என்றால் ராக்கெட்டுக்கு நரம்பு மாற்றுவது. ஆங்கிலத்தில் முதல் எழுத்து வேறு, தமிழில் எழுதினால் எல்லாம் ஒன்றுதான். "கட்டிங் போட்டுட்டு வரேன், லேட்டாகும்" என்று ஒரு சனிக்கிழமை சாயந்திரம் வீட்டுக்கு வாட்ஸ்அப் அனுப்பிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது வாசலிலேயே வாயை ஊதிக் காட்டச் சொன்னார்கள். அன்றைக்குப் போட்டதுதான் என் முதல் பாலியஸ்டர் நரம்பு. ஆகிறது மூன்று வருஷத்துக்கு மேல்.

என்னைப் பற்றி இரண்டு வரி, அப்போதுதான் நான் சொல்வதை எவ்வளவு எடுத்துக்கொள்வது என்று தெரியும். வயது நாற்பதைத் தாண்டியாயிற்று. சென்னையில் கிளே, அதாவது களிமண் கோர்ட்டில் வாரம் மூன்று காலை, தலா ஒன்றரை மணி நேரம். ராக்கெட் 300 கிராம், 100 சதுர அங்குலத் தலை, 16 நெடுக்கு நரம்பு, 19 குறுக்கு நரம்பு. என் ஃபோர்ஹேண்ட் நேராகப் போகும் ரகம்: ஒன்று நெட்டில் விழும், இல்லையென்றால் பேஸ்லைனைத் தாண்டி வேலியில் போய் நிற்கும். நெட்டுக்கு மேலே இரண்டடி உயரத்தில் போய் முன்னோக்கிச் சுழன்று உள்ளே குப்புற விழும் பந்துதான், அதாவது டாப்ஸ்பின்தான், எனக்கு வேண்டும்.

கோச்சிடம் கேட்டால், "முதல்ல ராக்கெட்டைப் பந்துக்குக் கீழ இருந்து கொண்டு வாங்க சார், அப்புறம் ஸ்ட்ரிங்கைப் பாக்கலாம்" என்றார். நியாயம்தான். அதற்கு ஆறு மாசம் ஆனது. அதை இங்கே எழுதப்போவதில்லை, ஆனால் அது இல்லாமல் கீழே சொல்லும் எதுவும் நடக்காது.

ராக்கெட் வாங்கும்போது அதில் இருந்தது சிந்தெட்டிக் கட், அதாவது நைலான். ஒவ்வொரு பாயிண்ட் முடிந்ததும் கோணிப்போன நெடுக்கு நரம்புகளை விரலால் ஒவ்வொன்றாக நேராக்குவேன். டிவியில் பெரிய ஆட்டக்காரர்கள் செய்வதுபோல் இருக்கிறதே என்று உள்ளுக்குள் பெருமை வேறு. என் ராக்கெட்டின் நோயே அந்தக் கோணல்தான் என்று புரிய ரொம்ப நாளானது.

ஸ்ட்ரிங் பந்தைப் பிராண்டிப் பிடித்துச் சுற்றிவிடுகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதனால் சொரசொரப்பாக இருந்தால் ஸ்பின் கூடும் என்று ஒரு கணக்கு. விஷயம் ஏறக்குறைய நேர்மாறு. தறிப் பாஷையில் சொன்னால் நெடுக்கு நரம்பு பாவு, குறுக்கு நரம்பு ஊடை. ராக்கெட் மேல்நோக்கி உரசிப் போகும்போது பந்து பாவு நூல்களைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அவை ஊடையின்மேல் வழுக்கிக்கொண்டு நகர்ந்து, பந்து கிளம்புவதற்குள் சட்டென்று தம் இடத்துக்குத் திரும்பினால் அந்த உதைப்பில் பந்துக்குக் கூடுதல் சுழற்சி கிடைக்கிறது. இதெல்லாம் நடக்க இருக்கும் நேரம் ஒரு நொடியில் சுமார் 200-ல் ஒரு பங்கு. ஆகவே நரம்புக்கும் நரம்புக்கும் நடுவே வழுக்க வேண்டும். நைலான் மெத்தென்று இருப்பதால் ஒன்றையொன்று அறுத்துப் பள்ளம் விழுந்து அங்கேயே மாட்டிக்கொள்கிறது. தள்ளிய இடத்திலேயே நிற்கிற நரம்பு பந்துக்கு எதையும் திருப்பித் தருவதில்லை.

இந்த வழுக்கலின் வீரியத்தை டென்னிஸ் உலகம் ஒரு தடவை பார்த்துப் பயந்தே போனது. 1977-ல் 'ஸ்பகெட்டி' ராக்கெட் என்று ஒன்று வந்தது. அதில் பாவும் ஊடையும் பின்னாமல் தனித்தனி அடுக்காக இருக்கும், நெடுக்கு நரம்புகள் இஷ்டத்துக்கு நகரும். அந்த அக்டோபரில் பிரான்ஸின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸில் இலியே நஸ்தாசே அதை எடுத்துக்கொண்டு கில்லெர்மோ விலாஸோடு ஃபைனல் ஆடினார். களிமண் தரையில் 53 மேட்ச் தோற்காமல் வந்தவர் விலாஸ். இரண்டு செட் போனதும் இதோடு ஆட முடியாது என்று வெளியேறிவிட்டார். அந்த ராக்கெட்டுக்குத் தடை வந்தது. நரம்புகள் மாறி மாறிப் பின்னியிருக்க வேண்டும் என்று விதியும் வந்தது. இருபது வருஷம் கழித்து, 1997-ல், தரவரிசையில் 66-வது இடத்திலிருந்த குஸ்தாவோ குயர்தென் பெல்ஜியத்து லக்ஸிலான் பாலியஸ்டரைப் போட்டுக்கொண்டு பிரெஞ்சு ஓப்பனை ஜெயித்தார். ஒழுங்காகப் பின்னிய ராக்கெட், ஆனால் கெட்டியான, வழவழப்பான நரம்பு. தடை போட்ட வித்தையில் கொஞ்சம் சட்டத்துக்கு உட்பட்டே திரும்பி வந்ததுபோல.

நான் முதலில் போட்ட பாலியஸ்டர் பட்டை வெட்டிய ரகம், அதாவது உருண்டையாக இல்லாமல் விளிம்புகள் உள்ளது, 1.30 மில்லிமீட்டர் தடிமன். எந்த கம்பெனி என்பது வேண்டாம், தப்பு என்னுடையது. "சார், பாலிக்கு டென்ஷனைக் குறைச்சுக்கலாமே" என்று கட்டிங் போடும் அண்ணன் சொன்னதைக் கேட்காமல், நைலானுக்குப் போட்டிருந்த அதே 55 பவுண்டு இழுவையையே போடச் சொன்னேன். முதல் மூன்று நாள் சொர்க்கம். வேலிக்குப் போகவேண்டிய பந்தெல்லாம் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் இறங்கி, எதிரில் இருப்பவரின் தோள் உயரத்துக்கு எழும்பியது. எதிரில் நின்ற சாருக்கு வயது அறுபத்திரண்டு. "என்னப்பா ராக்கெட்டை மாத்திட்டியா" என்று நெட்டுக்கே வந்து வாங்கிப் பார்த்தார்.

பிறகு பந்து மறுபடி நீள ஆரம்பித்தது. ஆனால் ஸ்ட்ரிங் அறுந்தபாடில்லை. அறுகாத ஸ்ட்ரிங்கைக் கத்தரித்துப் போட யாருக்கு மனசு வரும்? நான்கு மாசம் ஓட்டினேன். கடைசியில் ஒரு காலையில் காபி டம்ளரை எடுக்கும்போது முழங்கையின் வெளிப்பக்கம் சுரீர் என்றது. கையெழுத்துப் போட்டால் வலி, கதவுக் குமிழைத் திருகினால் வலி. ஆறு வாரம் கோர்ட் பக்கமே போகவில்லை. பாலியஸ்டர் இழுவையைச் சீக்கிரம் இழக்கும். இழந்த பிறகும் விறைப்பாகவே இருந்து அதிர்ச்சியைக் கைக்குக் கடத்தும். ஸ்பின் போய்விடும், வலி மட்டும் மிஞ்சும்.

கை தேறியதும் பயந்துகொண்டே ஹைப்ரிட். நெடுக்கில் பாலியஸ்டர், குறுக்கில் மெத்தென்ற மல்ட்டிஃபிலமென்ட், அதாவது பல மெல்லிய இழைகளைச் சேர்த்த நரம்பு. கைக்குச் சுகம், சந்தேகமில்லை. ஆனால் கிளேயின் பொடி உள்ளே போய் உப்புத்தாள் மாதிரி வேலை செய்கிறது. நாலைந்து நாளில் குறுக்கு நரம்பில் பள்ளம் விழுந்து, நெடுக்கு அதில் உட்கார்ந்துவிட்டது. மறுபடி விரலால் நேராக்கும் திருப்பணி.

ஃபெடரர் ஆடிய காலத்தில் இதைத் தலைகீழாகச் செய்துவந்தார்: நெடுக்கில் இயற்கை கட், அதாவது மாட்டுக்குடல். குறுக்கில் பாலியஸ்டர். இதற்கு ஸ்பின் நன்றாகவே வருகிறது, ஏனென்றால் கட் பாலியின்மேல் வழுக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த மச்சான் ஒரு செட் வாங்கி வந்தான். அந்த மாதிரி ஒரு ஸ்ட்ரிங்கை நான் தொட்டதில்லை. போட்டது நவம்பரில். சென்னை நவம்பரில் குடலுக்கு என்ன மரியாதை கிடைக்கும்? ஈரத்தில் நூல் நூலாகப் பிரிந்து, மூன்றாவது வாரம் ஒரு சர்வீஸில் படாரென்று போனது. விலையை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

கடைசியாக, கடந்த ஒன்றரை வருஷமாக, யோனெக்ஸ் பாலி டூர் ப்ரோ. மஞ்சள், 1.25, உருண்டை. பட்டையும் இல்லை, முறுக்கும் இல்லை. 46 பவுண்டில் போடுகிறேன். புதுசாக இருக்கும்போது பட்டை வெட்டியது இதைவிட ஒரு பிடி அதிகம் ஸ்பின் கொடுத்தது என்பது உண்மை. ஆனால் என் கோர்ட் மண்ணில் அந்த விளிம்பெல்லாம் சீக்கிரம் மழுங்குகிறது. உருண்டை நின்று ஆடுகிறது, கையும் வலிக்கவில்லை. 1.20 கூட ஒரு தடவை போட்டேன். வித்தியாசம் இருக்கிறது என்று சொல்ல ஆசைதான், இருபது பந்தைக் கண்ணை மூடி அடித்தால் எனக்குத் தெரியாது.

டென்ஷனைக் குறைத்தால் ஸ்பின் கூடும் என்பார்கள், ஏற்றினால் கூடும் என்பாரும் உண்டு. என் கையில் மாறியது பந்தின் நீளம்தான். குறைத்தால் பந்து தானாகவே ஆழமாகப் போகிறது, அதனால் நான் தைரியமாக மேல்நோக்கி வீச முடிகிறது. ஸ்பின் அங்கிருந்து வருகிறது.

போட்ட டென்ஷன் அப்படியே இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஸ்ட்ரிங்கைத் தட்டினால் வரும் சத்தத்தை வைத்துக் கணக்குப் போடும் ஆப் ஒன்று செல்போனில் இருக்கிறது. 46 போட்டது மறுநாள் காலையில் 42 காட்டியது. மே மாசம் கார் டிக்கியில் ஒரு பகல் மறந்து விட்டதற்கு இன்னும் இரண்டு போயிற்று. கயிற்றுக் கட்டில் தொய்வதற்காவது வருஷக்கணக்கில் ஆகும்.

மாற்றும் நாளைக் காலண்டர் பார்த்து முடிவு செய்வதில்லை. நடுவில் இருக்கும் ஒரு நெடுக்கு நரம்பைக் கட்டைவிரலால் அரை அங்குலம் பக்கவாட்டில் தள்ளி விட வேண்டும். 'டக்' என்று தானே ஓடி வந்தால் உயிர் இருக்கிறது. ஊர்ந்து வந்தால், அல்லது பாதி வழியில் நின்றுவிட்டால், அறுந்ததோ இல்லையோ கத்தரிக்கோல்தான். எனக்கு இது பதினைந்து மணி நேர ஆட்டத்தில் வருகிறது, கிட்டத்தட்ட மாசம் ஒரு தடவை. ஒரு செட் சுமார் 12 மீட்டர். தனித்தனியாக வாங்கினால் கட்டாது என்று 200 மீட்டர் ரீல் வாங்கி மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்கிறோம், பதினாறு தடவை வருகிறது.

வாரத்தில் ஒரு நாள் ஆடுபவர், பள்ளிக்கூடப் பிள்ளை, ஏற்கெனவே முழங்கை வலி உள்ளவர் யாரும் பாலிக்கு வரவேண்டிய அவசியமே இல்லை. நல்ல நைலானை அடிக்கடி மாற்றினாலே போதும். 18-க்கு 20 என்று நெருக்கமாகப் பின்னிய ராக்கெட் வைத்திருந்தால் ஸ்ட்ரிங்குக்குச் செலவழிக்கும் முன்பு ராக்கெட்டை யோசிக்கலாம். நெருக்கத்தில் நரம்பு நகர இடமே இல்லை.

இன்று காலை ஆட்டம் முடிந்து தள்ளிப் பார்த்தேன். நடுவிலிருந்து இரண்டாவது நெடுக்கு பாதி வழியில் நின்றுவிட்டது. அண்ணன் ஊருக்குப் போயிருக்கிறார், செவ்வாய்க்கிழமைதான் வருவாராம். அதுவரை பந்தைக் கீழ்நோக்கி வெட்டி அடிக்கும் ஸ்லைஸ்தான்.