மதுரை லேடீஸ் ஹாஸ்டல்: சாப்பாடு நல்லாருக்கு, ராத்திரி போடுற பூட்டு தான் பயம்

பெரியார் பஸ் ஸ்டாண்டுல இருந்து நடந்து போற தூரம் தான். மூணு ஷேரிங், சாப்பாட்டோட மாசம் 6000. சாப்பாட்டுல குறை சொல்ல மாட்டேன், இட்லி சூடா வரும், சாம்பார்ல காய் கிடக்கும். வார்டன் அக்கா தங்கமானவங்க, யாருக்காச்சும் காய்ச்சல்னா அவங்களே கஞ்சி வச்சு மேல கொண்டு வந்து குடுப்பாங்க.

ஆனா ராத்திரி ஒம்பதரை ஆச்சுனா கீழ இரும்பு கேட்ட பூட்டி சாவிய அக்கா ரூம்ல வச்சிருவாங்க. பொம்பளப் புள்ளைங்க பாதுகாப்புக்குனு சொல்றாங்க, சரி, தீப்புடிச்சா நாங்க எப்டி வெளிய வர்றது? மூணு மாடிக்கும் ஒரே படி, ரெண்டு பேரு சேந்து இறங்க முடியாது, ஜன்னல் பூரா கம்பி, மொட்டை மாடி கதவுக்கும் பூட்டு, இதுல அந்த படிக்கு அடியிலயே பழைய ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர் பேட்டரி, மெயின் போர்டு, எங்க செருப்பு, பழைய மெத்தைனு எல்லாத்தையும் போட்டு அடைச்சு வச்சிருக்காங்க. கீழ ஏதாச்சும் பத்துனா புகை அந்த படி வழியா தான மேல ஏறும், புகைக்கூண்டு மாதிரி ஆயிரும். 2024 செப்டம்பர்ல இதே மதுரைல கட்ராபாளையத்து ஹாஸ்டல்ல விடியக்காலைல ஃப்ரிட்ஜ் வெடிச்சு தங்கியிருந்தவங்க உயிரே போச்சு. அதுக்கப்புறமும் இப்டி இருந்தா என்ன அர்த்தம்?

தீயணைப்பு சிலிண்டர் ஒண்ணு சுவத்துல தொங்குது, மீட்டர் முள்ளு சிவப்புல நிக்குது. ஓனர் கிட்ட சொன்னா "பாக்கலாம்மா"ங்கறாரு. பொண்ணுங்க தங்குற விடுதிக்கு 2014ல வந்த சட்டப்படி கலெக்டர் கிட்ட லைசென்ஸ் வாங்கணும், அத கேட்டா ஆபீஸ்ல இருக்குனு சொல்றாரே தவிர கண்ணுல காட்டல.

மேல தண்ணி டேங்குக்கு மூடி உடைஞ்சு கெடக்கு, கொசு அங்கருந்து தான் வருது, பகல்லயே கடிக்குது, டெங்கு கொசு பகல்ல தான கடிக்கும்.

ரூம் பாக்க வர்றவங்க, கூட வர்ற அப்பா அம்மா, தயவுசெஞ்சு மெத்தையையும் பாத்ரூமையும் மட்டும் பாத்துட்டு அட்வான்ஸ் குடுத்துறாதீங்க. படிக்கு அடில எட்டிப் பாருங்க, மாடி கதவு உள்பக்கமா தாழ்ப்பாள் போட்டிருக்கா இல்ல பூட்டானு பாருங்க, ராத்திரி சாவி யாருகிட்ட இருக்கும்னு வாய் விட்டு கேளுங்க. 2 ஸ்டார், அதுவும் அக்காவுக்காகவும் சாப்பாட்டுக்காகவும். மாடிக்கு ஒரு சாவி குடுத்து அந்த ஃப்ரிட்ஜ படிக்கு அடில இருந்து எடுத்தா அன்னைக்கே ஸ்டார ஏத்தி போடுறேன்.