லப்டொப் பற்றரிக்கு எண்டு 21,500 ரூபாவைக் குடுத்து ஏமாந்திட்டன், நீங்களும் போய் விழாதேங்கோ

கை நடுங்க நடுங்கத்தான் இதை ரைப் பண்ணுறன், பிழை இருந்தா குறை நினைக்காதேங்கோ. இண்டைக்கு மத்தியானம்தான் கடையில இருந்து கடைசிப் பதில் வந்தது. "சேர் அது உங்கட விண்டோஸ்ல பிரச்சினை, எங்களுக்குப் பொறுப்பில்லை." அவ்வளவுதான். 21,500 ரூபா.

கடைப் பேர் போடமாட்டன், இன்பொக்ஸ்ல வந்தும் கேக்காதேங்கோ. கிளிநொச்சிப் பக்கம் போனும் லப்டொப்பும் திருத்துற கடை, அவ்வளவு காணும்.

நான் விசுவமடுப் பக்கம் பின்னேரத்தில ஓஎல் பிள்ளையளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறனான். கொட்டில்லதான் வகுப்பு, கறண்ட் இல்லை, அதால லப்டொப்பில பற்றரி நிண்டாத்தான் எனக்கு வகுப்பு. 2022ல 13 மணித்தியாலம் கறண்ட் வெட்டின நாளிலயும் இதே லப்டொப்பை வைச்சு மூண்டு மணித்தியாலம் இழுத்தனான். 2025 ஒக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு இனி அப்டேற் வராது எண்டு எல்லாரும் வெருட்ட, நானும் 11க்கு மாத்தினன். அது ஓசிதான், அதில ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனா மாத்தின அடுத்த நாளே ஒண்டரை மணித்தியாலத்தில படுத்திட்டுது. வட்டத் தேற்றம் நடத்திக்கொண்டிருக்க திரை இருண்டு போக முன்வாங்குப் பெட்டை ஒண்டு "சேர் இண்டைக்கும் செத்துப்போச்சோ" எண்டு கேக்க முழு வகுப்பும் சிரிக்குது. ரெண்டு மூண்டு கிழமை இப்பிடியே இழுபட்டன்.

பிறகுதான் பஸ் ஏறி பரந்தன் சந்தியில மாறி அந்தக் கடைக்குப் போனனான். இந்த இடத்தை நான் வடிவாச் சொல்லோணும், ஏனெண்டா நான் ஏமாந்தது பற்றரியில இல்லை, இங்கதான்.

போன உடன முதலாளி கதிரை தந்து பிளேன்ரீ எடுப்பிச்சுத் தந்தவர். லப்டொப்பைத் தொடவே இல்லை, "எந்த ஊர் அண்ணை" எண்டு கேட்டவர். சொன்னன். "அப்ப கடைசி வரைக்கும் உள்ளுக்க இருந்தனீங்களோ" எண்டார். ஓம் எண்டன். "செட்டிக்குளத்தில எந்த சோன்?" (2009ல சண்டை முடிய எங்களை வைச்சிருந்த முகாம், அதைப் பகுதி பகுதியாப் பிரிச்சு சோன் எண்டு நம்பர் போட்டிருந்தது.) நான் நாலாம் சோன் எண்டன். அவர் மேசையில கையால தட்டி "நாங்களும் நாலு தானண்ணை" எண்டார். தண்ணி வவுசருக்கு வாளியோட லைன்ல நிண்டதுகள், மழைக்குக் கூடாரத்துக்குள்ள சேறு வந்ததுகள் எல்லாம் கதைச்சம். எனக்குக் கண் கலங்கிட்டுது, பொய் சொல்லேல்ல. அதுக்குப் பிறகு அந்தாள் என்ன விலை சொன்னாலும் நான் குடுத்திருப்பன் எண்டது இப்பதான் விளங்குது.

லப்டொப்பை உள்ளுக்கக் கொண்டுபோய் பத்து நிமிசத்தால வந்து, அப்டேற் பற்றரியை அடிச்சுப்போட்டுது, உள்ளுக்க ஊதியிருக்கு, விட்டா வெடிக்கும் எண்டார். ஒறிஜினல் பற்றரி 18,000, பற்றரி சேவர் சொப்ட்வெயார் 3,500. "வெளியாக்களுக்கு இருபத்தஞ்சு அண்ணை, உங்களுக்காகத்தான்." ஊதின பற்றரியை எனக்குக் காட்டவும் இல்லை, நான் கேக்கவும் இல்லை. "பழசை நாங்களே வீசுறம், வீட்டில வைச்சா ஆபத்து" எண்டார். தலையாட்டிப்போட்டு காசை எண்ணிக் குடுத்தன். அது மாரிக்கு முதல் கொட்டில் கூரைக்குத் தகரம் போட வைச்ச காசு. பில்லில "பற்றரி + சேர்விஸ்" எண்டு மட்டும் கிறுக்கித் தந்தவர்.

முதல் வகுப்பில 50 நிமிசம். பழசு ஒண்டரை மணித்தியாலம் நிண்டது!!

கோல் எடுத்தன். புதுப் பற்றரி அண்ணை, நாலைஞ்சு தரம் முழுசா ஏத்தி முழுசா இறக்குங்கோ, பழகோணும் எண்டார். இது லித்தியம் பற்றரி, அப்பிடிப் பழக்கத் தேவையே இல்லை எண்டு பிறகுதான் தெரிஞ்சது, நான் விசரன் மாதிரி ஒரு கிழமை இரவிரவா ஏத்தி இறக்கிக்கொண்டிருந்தன். ரெண்டாம் தரம் எடுக்க முதலாளி கொழும்புக்குப் போட்டார் எண்டு ஒரு பெடியன். மூண்டாம் தரம் நேர போனன், அந்தாள் கடையிலதான் நிக்கிறார், ஆனா பிளேன்ரீ இல்லை, கதிரையும் இல்லை, "அண்ணை" போய் "சேர்" ஆயிட்டுது. பழைய பற்றரியையாவது தாங்கோ எண்டு கேட்டன், அது கழிவுக்கு அனுப்பியாச்சாம். அதுக்குப் பிறகு வட்ஸ்அப்பில நீலச் சரி ரெண்டு விழும், பதில் வராது.

என்ர அக்கான்ர மகன் வவுனியா கம்பஸில படிக்கிறவன், சனிக்கிழமை வந்தவன். "மாமா கொண்டாங்கோ பாப்பம்" எண்டு கொமாண்ட் புறொம்ப்ட் எண்ட அந்தக் கறுப்புப் பெட்டியைத் திறந்து பவர் சிஎவ்ஜி எண்டு அடிச்சு, ஒரு இடம் விட்டு, சாய்ஞ்ச கோடு போட்டு பற்றரி ரிப்போட் எண்டு ஒட்டி அடிச்சவன் (இங்கிலீசிலதான் அடிக்கோணும்: powercfg /batteryreport). ஒரு பக்கம் வந்தது. பற்றரி புதுசில எவ்வளவு பிடிக்கோணும், இப்ப முழுசா ஏத்தினா எவ்வளவு பிடிக்குது எண்டு ரெண்டும் அதில கிடக்கு. கிழமை கிழமையா பழைய கணக்கும் கிடக்கு. அதுதான் என்ர வயித்தை எரிச்சது. செத்துப்போச்சு எண்டு சொன்ன என்ர பழைய பற்றரி 41,000 மில்லிவாற் மணி (mWh) பிடிக்க வேண்டிய இடத்தில 33,000 பிடிச்சுக்கொண்டு இருந்திருக்கு. நாலு வருசப் பற்றரிக்கு அது தங்கம். இவர் போட்ட "ஒறிஜினல்" 18,000 mWhஐத் தாண்டேல்ல. ஏத்தி இறக்கின சுற்று 600க்கு மேல. புதுசாம்! ஆரோ வீசின லப்டொப்பில கழட்டினது.

3,500 ரூபா சொப்ட்வெயார்? விண்டோஸ்ல சும்மா கிடக்கிற, பற்றரியை மிச்சம் பிடிக்கிற எனர்ஜி சேவரைப் போட்டு விட்டிருக்கிறார்.

அப்ப முதல்ல ஏன் கெதியா இறங்கினது எண்டா, பவர் மோட் பெஸ்ட் பெர்போமன்ஸ்ல (வேகத்துக்காகப் பற்றரியைக் கூடக் குடிக்கிறது) கிடந்திருக்கு, லப்டொப் திறந்த உடன பின்னால ஏழெட்டுச் சாமான் தானா ஓடியிருக்கு, வெளிச்சம் முழுசா. மருமோன் கால் மணித்தியாலத்தில சரிப்பண்ணினான். பழைய பற்றரி இருந்திருந்தா எனக்குச் சல்லிக்காசு செலவில்லை.

இன்னொரு பிள்ளையின்ர தேப்பனும் அங்க குடுத்தவராம். அவருக்குக் கடைக்காரர் தன்ர சோன் ரெண்டு எண்டு சொல்லியிருக்கிறார். ஆக்களை மாத்தி மாத்தி விட்டவங்கள்தான், ரெண்டிலயும் இருந்திருக்கலாம். எண்டாலும் எனக்கு நித்திரை வரேல்ல. காசை விட அதுதான் குடையுது.

பற்றரி நிண்டுபிடிக்க என்ன செய்யலாம் எண்டு விளக்கமா எழுதத்தான் குந்தினனான், ஆத்திரத்தில ஒண்டும் ஒழுங்கா வரேல்ல. பெரிய அப்டேற் முடிஞ்ச உடன கடைக்கு ஓடாதேங்கோ, பைல் எல்லாத்தையும் அது திருப்பி அடுக்கும், அதுவரைக்கும் பற்றரி கெதியா இறங்கும், ரெண்டு மூண்டு நாள் சார்ஜரில போட்டு விடுங்கோ. செற்றிங்ஸ்ல பவர் அண்ட் பற்றரிக்குள்ள போனா எது குடிக்குது எண்டு காட்டும், மோடை பலன்ஸ்ட்ல விடுங்கோ. ராஸ்க் மனேஜர்ல ஸ்ராட்டப்பில தேவையில்லாததை நிப்பாட்டுங்கோ. கடைக்குப் போக முதல் அந்த ரிப்போட்டை எடுத்து போனில படம் பிடியுங்கோ. உங்கட கண்ணுக்கு முன்னால கழட்டச் சொல்லுங்கோ, பழசைக் கையில வாங்குங்கோ (உண்மையா ஊதியிருந்தா மட்டும் திருப்பிப் பூட்டாதேங்கோ), பில்லில சீரியல் நம்பர் எழுதாட்டி காசு குடாதேங்கோ. பாவனையாளர் அதிகார சபை நம்பர் 1977, திங்கக்கிழமை நான் எடுக்கப்போறன், பில்லில ஒரு மண்ணும் எழுதேல்ல, பாப்பம்.

21,500. தகரத்துக்கு விலை கேட்டு வைச்ச துண்டு இன்னும் பேர்சுக்குள்ள கிடக்கு. நாளைக்குப் பின்னேரம் வகுப்பு, இரணைமடுப் பக்கம் வானம் இருட்டிக்கொண்டு வருது, நான் போய்க் கொட்டிலுக்குத் தறப்பாள் இழுத்துக் கட்டோணும்.