சேஸிஸுக்கு வீட்டிலேயே அடித்த துருத்தடுப்பு பெயிண்ட்: சில ஆண்டுகளுக்குப் பிறகு

பழைய ஜீப் ஒன்றின் லேடர் வகை சேஸிஸுக்கு, அதாவது வண்டியை அடியில் தாங்கும் ஏணி வடிவ இரும்புச் சட்டத்துக்கு, வீட்டிலேயே துருத்தடுப்பு பெயிண்ட் அடித்துச் சில மழைக்காலங்கள் கடந்துவிட்ட நிலையில், அந்தப் பூச்சு எந்த இடத்தில் நிலைத்தது, எந்த இடத்தில் கைவிட்டது என்பதை இங்கே எழுதுகிறேன். அடித்து முடித்த மறுவாரம் எந்தச் சேஸிஸும் புதிதாகத்தான் தெரியும் என்பதால், அந்தச் சூட்டோடு எழுதப்படும் பாராட்டுகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

நான் தேர்ந்தெடுத்தது, காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகும் யூரித்தேன் வகைக் கறுப்பு பெயிண்ட். துத்தநாகத்தூள் மிகுந்த பிரைமர் நல்ல பொருள்தான். ஆனால் துத்தநாகம் இரும்புக்காகத் தன்னை அரித்துக்கொடுக்க வேண்டுமானால், அது வெறும் இரும்பை நேராகத் தொட்டாக வேண்டும். மணல் வீச்சு இயந்திரம் இல்லாத வீட்டில், துருக்குழிகள் நிறைந்த பழைய சட்டத்தை அந்த அளவுக்குச் சுத்தமாக்குவது நடவாத காரியம். பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ கலந்த துருமாற்றிகள் தாம் ஊறும் ஆழம் வரைக்குமே துருவை மாற்றுகின்றன. தடித்த துருச்செதிலின் மேல் ஊற்றினால் மேற்பரப்பு கறுத்துவிடும், அடியில் பழைய கதை தொடரும்.

வேலையின் பெரும்பகுதி பெயிண்ட் டின்னைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. முதலில் கிரீஸையும் எண்ணெயையும் கழுவிவிட வேண்டும், ஏனெனில் எண்ணெய்ப் பிசுக்கின் மேல் கிரைண்டரில் மாட்டிய கம்பி பிரஷை ஓட்டினால் அது பிசுக்கை அகற்றாமல் இரும்பு முழுவதும் இழுகிவிடும். அடுத்து, சிறு சுத்தியலால் சட்டத்தை நெடுகத் தட்டிப் பார்க்க வேண்டும்: கெட்டியான இடம் கணீரென ஒலிக்கும், உளுத்த இடம் மந்தமாக ஒலிக்கும், சில இடங்களில் தகடு உள்வாங்கவும் செய்யும். அப்படி உள்வாங்கும் இடத்துக்குப் பெயிண்ட் மருந்தாகாது. வெட்டியெடுத்துத் தகடு வைத்து வெல்டிங் செய்த பிறகே மற்றதைப் பேச வேண்டும். வண்டி ஸ்டாண்டுகளில் நிற்காமல் ஜாக்கை மட்டும் நம்பி நிற்கும்போது அதனடியில் படுக்கக் கூடாது என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த வகைப் பெயிண்டின் இயல்பு பலரும் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறானது. துருக்குழிகளும் சொரசொரப்பும் இருந்த பக்கச்சட்டத்தில், இன்றைக்கும் ஸ்குரூ டிரைவர் முனையால் அழுத்திக் கீறினாலும் கோடு விழுகிறதே தவிரப் பூச்சு பெயர்வதில்லை. கம்பி பிரஷ் பட்டுப்பட்டுக் கண்ணாடியாகப் பளபளத்த குறுக்குச்சட்டத்தின் ஒரு பகுதியிலோ, பூச்சின் ஓரத்தில் கத்தி முனையை நுழைத்தவுடன் அது உள்ளங்கை அகலத்துக்குத் தாளாக உரிந்து வந்தது. அடியில் ஒரு பொட்டுத் துருவும் இல்லாமல் இரும்பு மின்னிற்று. பிடித்துக்கொள்ளக் கீறல்கள் இல்லாததுதான் காரணம். ஆகவே கம்பி பிரஷுக்குப் பின் எண்பதாம் எண் உப்புத்தாளால் பரப்பு முழுவதையும் சொரசொரப்பாக்குவது கட்டாயம்; உரிந்த பகுதியை அவ்வாறு தேய்த்து மீண்டும் அடித்த பின் அங்கே பிரச்சினை எழவில்லை.

அடிக்கும்போது பிரஷ் போதும். ஈரப் பெயிண்ட் கூரான விளிம்புகளிலிருந்து இழுபட்டு மெலிந்துவிடும் என்பதால், விளிம்புகள், வெல்டிங் கோடுகள், போல்ட் துளைகளின் ஓரங்கள் ஆகியவற்றுக்கு முதலில் தனியாக ஒரு கை கொடுத்துவிட்டு, பிறகு முழுப் பரப்பையும் அடிப்பது நல்லது. இரண்டாம் கோட்டுக்கான நேரத்தைக் கடிகாரம் பார்த்து முடிவு செய்ய முடியாது. காற்றில் ஈரம் கூடினால் இறுகல் விரைவுபடும், வறண்டிருந்தால் தாமதமாகும். விரல் வைத்து இழுத்தால் இலேசாகப் பிடிக்க வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது, அதுவே பதம். முற்றிலும் இறுகிவிட்டால் மறுபடி உப்புத்தாள் பிடிக்காமல் அடுத்த கோட் நிற்காது. பிரேக் குழாய்கள், ரப்பர் புஷ்கள், சேஸிஸ் எண் பொறித்த இடம், பேட்டரி எர்த் இணையும் இடம் ஆகியவற்றை டேப் ஒட்டி மறைத்துவிட வேண்டும். எர்த் முனையில் பெயிண்ட் படிந்தால் மின்சாரக் கோளாறு வேறெங்கோ தலைகாட்டி ஆளை அலைக்கழிக்கும்.

இந்தப் பெயிண்டில் மூச்சுக்குத் தீங்கான ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருப்பதால் சாதாரணத் தூசி முகமூடி பயன்படாது. ஆவியைத் தடுக்கும் கரி வடிகட்டி உள்ள முகமூடியும், கையுறையும், நல்ல காற்றோட்டமும் தேவை. வீட்டில் இதை ஸ்பிரே செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தோலில் பட்டு இறுகிவிட்டால் எந்தத் தின்னரும் உதவாது, தோல் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்வரை கறையோடு திரிய வேண்டியதுதான். டின்னின் விளிம்பைத் துடைத்து, மூடிக்கடியில் பிளாஸ்டிக் தாள் வைக்காவிட்டால், மிச்சத்தை எடுக்க மூடியை வெட்டித்தான் திறக்க வேண்டியிருக்கும்.

இனி விளைவு. சட்டத்தின் திறந்த பரப்புகள் மிக நன்றாகவே இருக்கின்றன. பம்பருக்கருகில் வெயில் படும் முனைகள் மட்டும் மங்கிச் சாம்பல் பூத்துவிட்டன. இந்த வகை யூரித்தேனுக்குச் சூரிய ஒளி ஆகாது என்பதால் அங்கே மேற்கோட்டாக வேறு பெயிண்ட் அடித்தேன். முன்சக்கரங்களுக்குப் பின்னால் கற்கள் தெறித்துச் சிறு புள்ளிகளாகப் பெயிண்ட் போயிருந்தாலும், துரு அந்தப் புள்ளியோடு நின்றிருக்கிறது, பூச்சுக்கடியில் ஊர்ந்து பரவவில்லை. எனக்கு இந்தப் பெயிண்ட் மேல் மதிப்பு வந்தது இதனால்தான்.

தோற்றது மடிப்புகளில். ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் கொக்கிகள் சட்டத்தோடு சேருமிடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பற்றவைத்த இரு தகடுகளின் இடுக்கில், கறுப்புப் பூச்சை நீளவாக்கில் கிழித்துக்கொண்டு பழுப்பு நிறக் கோடு கசிந்திருந்தது. இரும்பு துருவாகும்போது இரண்டு மடங்குக்கும் கூடுதலான இடத்தை அடைத்துக்கொள்கிறது. எவ்வளவு கடினமான பூச்சும் அந்த விரிவை இடுக்குக்குள் தாங்காது. அத்துடன், உள்ளே வெற்றிடமாக இருக்கும் பெட்டிச்சட்டத்தின் உட்புறத்துக்குப் பிரஷ் எட்டுவதே இல்லை. துரு பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே வருவது என்பதால், வெளிப்புறம் மட்டும் பளிச்சென்று இருக்கும் சேஸிஸ் எனக்குச் சற்று ஐயத்தையே தருகிறது.

இடுக்குகளுக்கும் உட்புறத்துக்கும் இப்போது நான் பயன்படுத்துவது, நீண்ட குழாயின் நுனியில் சுற்றிலும் தெளிக்கும் முனை பொருத்தி அடிக்கும் மெழுகுப் பூச்சு. அது இறுகாமல் மென்மையாகவே இருந்து, தானாக ஊர்ந்து இடுக்குகளில் புகுகிறது. அதற்கு விலையாக, அவ்வப்போது திரும்ப அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மெழுகின் மேல் எந்தப் பெயிண்டும் ஒட்டாதாகையால், பெயிண்ட் வேலை முற்றாக முடிந்த பின்னரே அதைத் தொட வேண்டும். மெழுகுக்குப் பதிலாகப் பழைய எஞ்சின் ஆயிலைப் பூசும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கும், மண்ணிலும் சொட்டும், தோலுக்கும் தீங்கானது.

ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் அடிப்பகுதியைச் சேறு போகக் கழுவி, நன்கு உலரவிட்டு, சட்டத்தின் வடிதுளைகளுக்குள் கம்பியை விட்டுப் பார்க்கிறேன். பெரும்பாலும் பின்சக்கரத்துக்கு முன்னாலுள்ள துளைதான் சேற்றால் அடைபட்டிருக்கும். குத்திவிட்டதும் உள்ளே தேங்கிய நீர் வழியும், அது வற்றிய பிறகு அந்தப் பெட்டிக்குள் மெழுகை மறுபடி அடித்துவிடுகிறேன்.