ஊற்றுச் சந்தா, கூட்டு மீற்றர், தனி மீற்றர்: எது கைக்கு அடக்கம்?

தண்ணீருக்கு மீற்றர் பூட்டினால் காசு மிஞ்சுமா என்று கேட்கிறவரிடம், இப்போது எந்தத் தண்ணீரைப் பாவிக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. பதுளை மாவட்டத்தின் பண்டாரவளை, தியத்தலாவை, ஹப்புத்தளைப் பக்கங்களில் ஒரே சரிவில் இருக்கும் நான்கு வீடுகளை எடுத்துக்கொண்டால், ஒன்று ஊற்றுத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் நீர்ச் சங்கத்துக்கு மாதச் சந்தா கட்டும். இன்னொன்று தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் இணைப்பைத் தன் பெயரில் வைத்திருக்கும். மற்ற இரண்டும் மேல்வீடு கீழ்வீடாக ஒரே மீற்றரைப் பகிர்ந்துகொண்டு, பில் வரும் நாளில் முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கும். வாடகைக்கு இருந்த காலத்தில் கூட்டு மீற்றரையும் சொந்த வீட்டுக்கு வந்தபின் தனி மீற்றரையும் பார்த்தவன் என்ற முறையில், நான் தனி மீற்றரின் பக்கமே சாய்கிறேன். ஊற்றுத் தண்ணீரில் வளர்ந்த என் மனைவி இதை முழுதாக ஏற்பதில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. வெறும் கட்டணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் சங்கத்தை வெல்ல எதனாலும் முடியாது. 1993இல் உலக வங்கியின் உதவியோடு தொடங்கிய சமுதாய நீர் வழங்கல், சுகாதாரத் திட்டம் பதுளை, இரத்தினபுரி, மாத்தறை ஆகிய மூன்று மாவட்டங்களில் இத்தகைய சங்கங்களை உருவாக்கியது. ஊர் மக்கள் சிரமதானமாகக் கான் வெட்டிக் குழாய் புதைத்தார்கள், பராமரிப்பும் அவர்கள் பொறுப்பிலேயே விடப்பட்டது. தண்ணீர் மேட்டிலிருந்து தானாக இறங்கி வருவதால் மோட்டாருக்கும் மின்சாரத்துக்கும் செலவில்லை. ஆகவே சந்தா சில நூறு ரூபாயோடு நின்றுவிடுகிறது. சில சங்கங்கள் தாமே மீற்றர் பூட்டி அலகுக் கணக்கில் அறவிடுகின்றன என்றாலும், நான் இங்கே சொல்வது ஒரே தொகையாகச் சந்தா வாங்கும் சங்கங்களைப் பற்றி மட்டுமே.

அந்தச் சந்தாவுக்கு வெளியே இருப்பது வறட்சிக் காலம். ஊவாவின் இந்தச் சரிவுகளுக்கு ஜூன் முதல் செப்டெம்பர் வரை மழை குறைவு. ஊற்று மெலிந்ததும் முறை வைத்துத் தண்ணீர் திறப்பார்கள், குழாயின் கடைக்கோடியில் இருக்கும் வீட்டுக்குச் சொட்டுத்தான் மிஞ்சும், பவுசருக்குச் சொல்லி அனுப்ப வேண்டி வரும். அதோடு ஊற்று என்பது யாரும் உத்தரவாதம் தரக்கூடிய பொருளும் அல்ல. உமா ஓயா நீர்மின் திட்டத்தின் சுரங்கப் பாதைக்குள் 2014ஆம் ஆண்டின் கடைசியில் நிலத்தடி நீர் பெருகிப் பாய்ந்தபின், பண்டாரவளையைச் சுற்றிய பல இடங்களில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றிப்போனதை இப்பகுதியார் மறந்திருக்க மாட்டார்கள். உங்கள் ஊற்று எந்த வறட்சியிலும் நிற்காதது என்று ஊர்ப் பெரியவர்கள் உறுதியாகச் சொன்னால், மீற்றரைப் பற்றி யோசிக்காமல் சங்கத்திலேயே இருந்துவிடலாம். எங்கள் சரிவில் அப்படிச் சொல்ல எவரும் இல்லை.

கூட்டு மீற்றரா தனி மீற்றரா என்பதில்தான் உண்மையான பணம் கிடக்கிறது. சபையின் கட்டணம் ஒரே விலையில் ஓடுவதில்லை. ஓர் அலகு என்பது 1000 லீற்றர். 2023 ஆகஸ்ட் மாத அட்டவணையின்படி, சாதாரண வீட்டுப் பாவனைக்கு முதல் 5 அலகுகளுக்கு அலகொன்று 60 ரூபாயாக இருந்தது. அடுத்த ஐந்துக்கு 80, அதற்கடுத்த ஐந்துக்கு 100, பின்னர் 110, 130, 160 என ஐந்தைந்து அலகாக ஏறி, 31ஆவது அலகிலிருந்து 180 ஆனது. சேவைக் கட்டணமும் கூடவே ஏறியது: 15 அலகு வரை 300 ரூபாய், 20 வரை 400, 25 வரை 500, 30 வரை 600. 31ஐத் தொட்டதும் அது 1500க்குத் தாவியது. 2024 ஆகஸ்டில் வீட்டுப் பாவனைக்கான கட்டணம் 7 சதவீதம் குறைக்கப்பட்டது. எனவே இன்றைய தொகைகளுக்கு உங்கள் கடைசிப் பில்லைப் பார்த்துக்கொள்ளுங்கள். சமுர்த்தி பெற்ற குடும்பங்களுக்கு வேறு அட்டவணை இருந்தது, இந்தக் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது.

இப்போது மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் ஆளுக்கு 17 அலகு பாவிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு நாளொன்றுக்கு 120 லீற்றர் என்ற கணக்கில் நான்கு பேருக்கு மாதம் 14 அலகுக்குச் சற்று மேலே வரும் என்பதால், துணி துவைப்பு, வந்துபோகும் உறவினர் என்பவற்றைச் சேர்த்தால் 17 என்பது மிகையான எண் அல்ல. அந்த 2023 அட்டவணைப்படி, தனித்தனி மீற்றர் என்றால் ஒவ்வொரு வீட்டுக்கும் 1820 ரூபாய், இரண்டுக்கும் 3640. ஒரே மீற்றர் என்றால் 34 அலகு. பில் 5420 ரூபாய். அதே தண்ணீர், அதே குழாய். மாதம் 1780 ரூபாய் கூடுதல், ஆண்டுக்கு 21,000க்கு மேல். இரண்டு குடும்பமும் எவ்வளவு சிக்கனமாக இருந்து பங்கை எவ்வளவு நியாயமாகப் பிரித்தாலும் இந்தத் தொகை போய்க்கொண்டே இருக்கும், ஏனென்றால் அட்டவணையின் கண்ணுக்கு அது ஒரே வீடு. மலிவான முதல் 15 அலகுகள் அந்த வீட்டுக்கு ஒருமுறைதான் கிடைக்கும். இரண்டு வீடுகளும் 15 அலகுக்குள் நின்றாலும்கூட, தனித்தனியாக 3000 ஆக வேண்டிய பில் கூட்டாக 3800 ஆகிறது. அங்கிருந்து ஒரே ஓர் அலகு கூடினால் 4880.

இதற்கு மருந்தாகப் பலர் ஹார்ட்வெயார் கடையில் ஒரு சின்ன மீற்றர் வாங்கி மேல்வீட்டுக் குழாயில் பூட்டிவிடுகிறார்கள். அது சண்டையைத் தீர்க்கும், பில்லைக் குறைக்காது. யார் எவ்வளவு பாவித்தார் என்று காட்டுவது மட்டுமே அதன் வேலை. சபையின் மீற்றர் 34ஐத்தான் எண்ணும். வாடகை வீட்டில் எங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் இடையில் அப்படி ஒன்று இருந்தது, மனத்தாங்கல் குறைந்தது உண்மை. ஆனால் இருவரும் சேர்ந்து அட்டவணையின் உயர்ந்த படி விலையையே கட்டிக்கொண்டிருந்தோம். வீட்டுக்காரரிடம் பேச முடிந்தால் உள் மீற்றருக்குப் பதிலாக இரண்டாவது இணைப்புக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், செலவில் பாதியை நீங்கள் ஏற்றாலும் நட்டமில்லை.

தனி மீற்றர் எடுத்தவருக்கும் ஓர் எதிரி உண்டு, அது கசிவு. மலைநாட்டில் இது சமவெளியைவிடக் கடுமையானது. நீர்த் தாங்கி மேட்டில் இருக்கும், வீடு பள்ளத்தில் இருக்கும். ஒவ்வொரு 100 அடி இறக்கத்துக்கும் ஏறத்தாழ 3 பார் அமுக்கம் கூடுகிறது. இரவில் ஊரார் குழாய்களை மூடியதும் அந்த அமுக்கம் முழுதும் நம் வீட்டு வொஷர்மீதும் கூரைத் தாங்கியின் மிதவை வால்விலும் ஏறி உட்காரும். பகலில் இறுக்கமாக மூடி நிற்கும் வால்வு விடியற்காலையில் மெல்ல விட்டுக்கொடுக்கிறது. தாங்கியின் வழிவுக் குழாய் வீட்டின் பின்புறத்து மண்ணில் இறங்குவதால் யாருக்கும் தெரிவதில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு லீற்றர் என்ற அளவு கசிவு நாளொன்றுக்கு 288 லீற்றர், மாதம் 8.6 அலகு. 15 அலகில் 1500 ரூபாய் கட்டும் வீடு 24 அலகுக்கு ஏறினால் பில் 2770. சந்தா கட்டும் வீட்டில் இதே கசிவு ஒரு சதமும் எடுக்காது. அயல் வீட்டாரின் பங்குத் தண்ணீரைத்தான் எடுக்கும்.

மீற்றரின் நன்மை, அதே கசிவை அதுவே காட்டிக்கொடுத்துவிடும் என்பது. மூடியைத் திறந்தால் கறுப்பு இலக்கங்கள் கன மீற்றரையும் (அதாவது அலகையும்) சிவப்பு முட்கள் லீற்றரையும் காட்டும். அவற்றின் நடுவே பல்லுள்ள ஒரு சிறு சக்கரம் இருக்கும். வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடியபின்னும் அந்தச் சக்கரம் நடுங்கி நடுங்கிச் சுற்றினால் எங்கோ போகிறது என்று பொருள். தாங்கிக்குப் போகும் கேட் வால்வை மூடியதும் சக்கரம் நின்றால் குற்றம் தாங்கிப் பக்கம். நிற்காவிட்டால் நிலத்துக்குள் புதைந்த குழாயில். மலசலகூடத் தொட்டியில் வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தைச் சிறிது கலந்துவிட்டு, தண்ணீர் இழுக்காமல் அரைமணி நேரம் விட்டுப் பாருங்கள். கோப்பைக்குள் நீலம் இறங்கியிருந்தால் அங்கே ஒரு ரப்பர் மாற்ற வேண்டும். எங்கள் வீட்டில் மாதத்தில் ஒருமுறை படுக்கைக்குப் போகுமுன் இலக்கத்தைக் குறித்து, காலையில் அடுப்பு மூட்டுமுன் மீண்டும் பார்ப்பது என் மகளின் பொறுப்பு. அமுக்கம் அதிகமான இடங்களில் மீற்றருக்கு அடுத்தாற்போல் அமுக்கம் குறைக்கும் வால்வு ஒன்று பூட்டுவதையும் பரிந்துரைப்பேன். எங்கள் வீட்டில் அதைப் பூட்டியபின் வொஷர் மாற்றும் வேலை வெகுவாகக் குறைந்தது.

தண்ணீர் அடிக்கடி நின்று நின்று வரும் இடங்களில், குழாயில் அடைபட்ட காற்று மீற்றரைச் சுற்றிவிடுகிறது என்ற குறை உண்டு. காற்று மீற்றரைச் சுழற்றக்கூடியதுதான். ஆனால் எங்கள் பாதையில் விநியோகம் நிற்பது அரிது என்பதால் அது பில்லில் எவ்வளவு சேர்க்கும் என்று அனுபவத்தை வைத்துப் பேச எனக்குத் தகுதியில்லை.

தோட்ட லயங்களில் பீலித் தண்ணீரோடு இருப்பவர்களுக்கும், தோட்டத் தொழிலாளருக்கென ஒதுக்கிய 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடு கட்டிக்கொண்டவர்களுக்கும் இந்த ஒப்பீடு பாதிதான் பொருந்தும். சபையின் பிரதான குழாய் அருகில் வந்திருந்தாலும், இணைப்புக் கேட்டால் காணி உறுதி கேட்பார்கள். அது கையில் இல்லாதவர் தோட்ட நிர்வாகத்தின் கடிதத்துக்கு அலைய வேண்டியிருக்கும். உறுதி உள்ளவர் விண்ணப்பிக்குமுன் பிரதான குழாய் வீதியின் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. மறுபக்கம் என்றால் வீதியை வெட்டவும் பழையபடி மூடவும் ஆகும் செலவு மீற்றரின் விலையையே சிறிதாக்கிவிடும். அதே வரிசையில் இன்னும் ஓரிரு வீடுகள் இணைப்புக்குக் காத்திருந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் விண்ணப்பித்து, ஒரே வெட்டில் குழாய்களை இறக்கும்படி அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.